முக்கூடல் ஆஸ்பத்திரிக்கான பணத்தை டெல்லியில் யார் கேள்வி கேட்கிறார்கள்?

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது பீடிக்கு 28 சதவீதம், பீடி இலைக்கு 18 சதவீதம் என்று வரி விழுந்தது. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், மேலப்பாளையம் என்று நம் நெல்லை, தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றும் ஊர்களில் எல்லாம் அது பெரிய பேச்சானது. அதே ஜி.எஸ்.டி.க்காக இன்னொரு மாற்றமும் நடந்தது. அதைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. பீடித் தொழிலாளர் நலனுக்காக 1976-ம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகி வந்த செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று தனியாக வாங்கும் வரி) ரத்து செய்யப்பட்டது.

ஆயிரம் பீடிக்கு ஐந்து ரூபாய் என்ற கணக்கில் வசூலான பணம் அது. முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனை, ஊர்களில் இருக்கும் மருந்தகங்கள், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, வீடு கட்ட மானியம் எல்லாம் அந்த நல நிதியைச் சார்ந்தே இருந்தன. செஸ் பணமும் நேராக முக்கூடலுக்கு வந்துவிடாது. மத்திய அரசின் வருமானமெல்லாம் சேரும் தொகுப்பு நிதிக்குப் போய், நாடாளுமன்றம் ஒதுக்கித் தந்த பிறகுதான் நல நிதிக்கு வரும். ஆனால் "எங்கள் பீடியில் இவ்வளவு வசூலானது, எங்களுக்கு வந்தது எவ்வளவு?" என்று கேட்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. செஸ் போனதோடு அந்தக் கணக்கும் போய்விட்டது. இப்போது அந்தச் செலவு தொழிலாளர் அமைச்சகத்தின் பட்ஜெட்டில், பல திட்டங்களுக்கு நடுவே ஒரு பதிவாக நிற்கிறது.

செஸ்ஸை நீக்கிய திருத்த மசோதா 2017 மார்ச் கடைசியில் மக்களவைக்கு வந்தது, ஏப்ரலில் நிறைவேறியது. பல செஸ்களை ஒரே மூச்சில் ஒழித்த மசோதா அது. நாடு முழுக்க ஒரே வரி என்ற பெரிய மாற்றத்துக்கு அது தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பீடி சுற்றும் பெண்களின் ஆஸ்பத்திரிக்கு இனி எந்த வழியாகப் பணம் வரும், அது குறையாது என்பதற்கு என்ன உறுதி என்று அமைச்சகச் செயலாளரை உட்காரவைத்து எழுத்தில் பதில் வாங்குவதற்கு அந்தச் சில நாட்கள் போதாது. அரசின் பொருளாதாரத் திட்டங்களை நாடாளுமன்றம் எப்படி ஆராய்கிறது, எந்த இடத்தில் ஆராயாமல் விடுகிறது என்பதை நம் ஊர்க் கண்ணோடு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பட்ஜெட் உரைக்கு அப்புறம்

பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் பேசுவதை டி.வி.யில் பார்க்கிறோம். எது விலை ஏறும், எது இறங்கும், வருமான வரி வரம்பு எவ்வளவு என்று அன்று சாயங்காலமே பேசித் தீர்த்துவிடுகிறோம். நாடாளுமன்றத்தின் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

மக்களிடம் வரி வாங்க வேண்டுமானால் சட்டம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 265-வது பிரிவு. தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டுமானாலும் அதற்கும் சட்டம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு அமைச்சகமும் "இந்த ஆண்டு எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று மக்களவையிடம் கேட்கிறது. இதற்கு மானியக் கோரிக்கை என்று பெயர். ஆண்டுக்கு நூறு கோரிக்கைகள் அளவுக்கு வரும். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அந்தக் கோரிக்கையைக் குறைக்கலாம், மறுக்கலாம். கூட்டித் தர மட்டும் அதிகாரம் இல்லை. அரசின் கொள்கையே பிடிக்கவில்லை என்றால் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்ட நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். அரசுக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை அந்தத் தீர்மானம் தோற்கும். ஆனாலும் அதற்குப் பதில் சொல்ல அமைச்சர் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் பகுதி பிப்ரவரி நடுவில் முடிந்து சில வாரங்கள் இடைவேளை விடுவார்கள். அந்த நாட்களில்தான் துறைவாரி நிலைக்குழுக்கள் உட்கார்ந்து கோரிக்கைகளைப் பார்க்கின்றன. இந்தக் குழுக்கள் 1993-ல் வந்தவை. முதலில் 17 இருந்தன, 2004-ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என மொத்தம் 31 உறுப்பினர்கள். அமைச்சர் யாரும் உறுப்பினராக இருக்க முடியாது. அமைச்சகச் செயலாளர்கள் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். போன ஆண்டு கொடுத்த பணத்தில் எவ்வளவு செலவானது, ஏன் மிச்சம், ஏன் கடைசி மாதத்தில் அவசர அவசரமாகச் செலவழித்தீர்கள், நாங்கள் சொன்னதை ஏன் செய்யவில்லை என்று கேள்விகள் வரும். முக்கூடல் ஆஸ்பத்திரி இருக்கும் தலைப்பைப் பார்ப்பது தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டுக்கான நிலைக்குழு.

இந்தக் கூட்டங்களில் கேமரா கிடையாது. கட்சிக் கொறடாவின் உத்தரவும் கிடையாது. அதனாலேயே ஆளும் கட்சி உறுப்பினர்கூட அங்கே மனம் விட்டுக் கேள்வி கேட்கிறார். சபையில் மேசையைத் தட்டும் அதே ஆள், குழு அறையில் அதிகாரியிடம் கறாராகக் கணக்குக் கேட்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். ஆனால் குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று அரசு பதில் தர வேண்டும், அவ்வளவுதான். குழுக்களின் காலமும் ஓராண்டு. ஓர் உறுப்பினர் ஒரு துறையின் கணக்கைப் படித்துத் தேறும்போது குழு கலைந்து புதிதாக அமைகிறது. இது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். ஐந்தாண்டும் ஒரே குழுவில் இருந்தால்தான், போன வருஷம் சொன்ன பொய்யை இந்த வருஷம் பிடிக்க முடியும்.

மார்ச்சில் சபை மறுபடி கூடும்போது நான்கைந்து அமைச்சகங்களின் கோரிக்கைகளை விவாதத்துக்கு எடுப்பார்கள். நேரம் முடிந்ததும் மிச்சம் இருக்கும் அத்தனை கோரிக்கைகளையும் மொத்தமாகச் சேர்த்து விவாதம் இல்லாமல் வாக்கெடுப்புக்கு விடுவார் சபாநாயகர். இதைத்தான் கில்லட்டின் என்கிறார்கள். நூறு கோரிக்கைகளையும் சபையிலேயே பேச முடியாது என்பது உண்மைதான். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் நிலைக்குழுக்களே வந்தன. ஆனால் நான்கைந்து துறைகள்கூடப் பேசப்படாமல் போனால்?

அப்படியும் நடந்திருக்கிறது. 2018 மார்ச்சில் கோரிக்கைகள் எல்லாம் விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறின, வரி மாற்றங்களைக் கொண்ட நிதி மசோதாவும் அதோடு நிறைவேறியது. வங்கி மோசடி, ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து, காவிரி மேலாண்மை வாரியம் என்று ஒவ்வொரு கட்சியும் ஒரு பிரச்சினைக்காகச் சபையின் நடுவே நின்ற நாட்கள் அவை. காவிரிக்காக நின்றவர்கள் நம் மாநிலத்து உறுப்பினர்கள். கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்தக் கூச்சலுக்குள் நம் ஊர்த் தொழில்களுக்கான கோரிக்கைகளும் கேள்வியில்லாமல் போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023 மார்ச்சில் மீண்டும் அதே கதை. அந்த ஆண்டு ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு ஒரு விவாதமும் இல்லாமல் மக்களவை ஒப்புதல் தந்தது. எதிர்க்கட்சிகள் அதானி விவகாரத்தில் கூட்டுக்குழு விசாரணை கேட்டன, ஆளும் தரப்பு ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. இரண்டு பக்கமும் சேர்ந்துதான் சபை முடங்கியது.

முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-வது மக்களவை ஆண்டுக்கு 55 நாட்கள். பட்ஜெட்டின் அளவு எத்தனையோ மடங்கு பெருகிவிட்டது, பார்க்கும் நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன.

குழுவுக்குப் போனால் என்ன ஆகும்

சரி, குழுவுக்கு அனுப்பினால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? மாறும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் போதும்.

2017 ஆகஸ்டில் நிதித் தீர்வு மற்றும் வைப்புத்தொகைக் காப்பீட்டு மசோதா மக்களவைக்கு வந்தது. ஒரு வங்கி மூழ்கும் நிலைக்குப் போனால் அதைக் காப்பாற்ற, அந்த வங்கி திருப்பித் தர வேண்டிய கடன்களைக் குறைக்கவோ பங்குகளாக மாற்றவோ அதில் வழி இருந்தது. வங்கியில் நாம் போட்டிருக்கும் பணமும் வங்கிக்குக் கடன்தானே? நம் சேமிப்பிலும் கை வைப்பார்களோ என்ற பயம் நாடெங்கும் பரவியது. மகள் கல்யாணத்துக்கென்று வங்கியில் டெபாசிட் போட்டு வைத்திருப்பவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நிறைந்த ஊர்கள் நம்முடையவை. 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கிய மெர்க்கன்டைல் வங்கி தூத்துக்குடியில் இருக்கிற மண் இது. அந்தப் பயம் இங்கே எவ்வளவு இறங்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த மசோதா இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்குப் போயிற்று. குழு பல மாதம் ஆராய்ந்தது, எதிர்ப்பு எழுத்தாகப் பதிவானது, 2018 ஆகஸ்டில் அரசே மசோதாவைத் திரும்பப் பெற்றது. அப்புறம் 2020-ல் வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. குழு இல்லாமல் நேராக வாக்கெடுப்புக்குப் போயிருந்தால் அன்றைய பெரும்பான்மையில் அது மக்களவையைக் கடந்திருக்கும்.

இரண்டாவது, புதிய வருமான வரி மசோதா. 2025 பிப்ரவரியில் அறிமுகமாகி அதை ஆராயவென்றே அமைத்த, 31 பேர் கொண்ட தேர்வுக்குழுவுக்குப் போனது. ஜூலையில் குழு 285 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, திருத்திய மசோதாவை ஆகஸ்டில் கொண்டுவந்தது. முதல் வடிவத்தில், குறித்த தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் திரும்பக் கிடைக்க வேண்டிய வரி கிடைக்காது என்று ஒரு வாசகம் இருந்தது. வரி வரம்புக்குள்ளேயே வராத ஒருவருக்கு வங்கியில் முன்கூட்டியே வரி (டி.டி.எஸ்.) பிடித்துவிட்டால், அதைத் திரும்ப வாங்க அவர் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு நாள் தாமதமானால் பணம் போச்சு என்பது அந்த வாசகத்தின் விளைவு. குழு சுட்டிக்காட்டியது, அரசு நீக்கியது. திருத்திய மசோதா மக்களவையில் சில நிமிடங்களில் நிறைவேறியது என்பது வருத்தம்தான். ஆனால் வேலையின் பெரும்பகுதி குழு அறையில் ஏற்கெனவே முடிந்திருந்தது.

இவ்வளவு பயன் இருந்தும் குழுவுக்குப் போகும் மசோதாக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 15-வது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-வதில் 16. 2020-ல் மூன்று வேளாண் சட்டங்கள் எந்தக் குழுவுக்கும் போகாமல் நிறைவேறி, ஓராண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் விவாதமே இல்லாமல் ரத்தாயின. விவசாயிகளைக் குழு அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அவர்கள் டெல்லி எல்லையில் குளிரில் கிடந்திருக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2016 நவம்பர் 8 இரவு வந்த பணமதிப்பு நீக்கம் இன்னும் மேலே. அன்றைக்கு முன்னால் நாடாளுமன்றத்துக்கு ஒரு வேலையும் இல்லை. வாரக்கூலியை ரொக்கமாக வாங்கும் பீடித் தொழில் ஊர்களுக்கு அது என்ன செய்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நிதித் துறை நிலைக்குழு ரிசர்வ் வங்கி ஆளுநரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது 2017 ஜனவரியில், நோட்டெல்லாம் வங்கிக்குப் போன பிறகு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த நடவடிக்கை செல்லும் என்றது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி நாகரத்னா, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம்தான் இதைச் செய்திருக்க வேண்டும் என்றார்.

சபைக்கு வெளியே போன முடிவுகள்

மறுபடியும் பீடிக்கு வருகிறேன், இதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். ஜி.எஸ்.டி.க்கு முன்னால் பீடிக்கு மத்தியக் கலால் வரி இருந்தது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. அதை ஏற்றுவதானால் பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதாவில் வரும். நம் உறுப்பினர் எழுந்து நின்று எதிர்த்துப் பேச ஒரு நாள் இருந்தது. இப்போது விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். ஒன்றிய நிதியமைச்சரும் மாநில அமைச்சர்களும் உட்காரும் சபை அது. வாக்கெடுப்பு என்று வந்தால் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றியம் மறுக்கும் எதுவும் நடக்காது. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். வெளியே வந்ததும் அறிவிக்கை. அது பிறகு நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பொருள் வாரியாக வாக்கெடுப்பு கிடையாது.

கோவில்பட்டித் தீப்பெட்டியும் இப்படித்தான். 2017-ல் கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 என்று பிரித்தார்கள். 2020-ல் இரண்டையும் சேர்த்து 12 ஆக்கினார்கள். கைத்தொழிலுக்கு இருந்த அந்தச் சலுகை போனதை எந்தச் சபையில் யார் விவாதித்தார்கள்?

2025 செப்டம்பரில் கவுன்சில் பீடிக்கான வரியை 28-லிருந்து 18 ஆகவும், இலைக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவு செய்தது. நம் பக்கத்தில் வரவேற்பு இருந்தது. புகையிலைக்கு வரி குறைவது நோயைக் கூட்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் உண்மை. பீடி உயிரைக் குடிக்கிறது, பீடித் தூள் அதைச் சுற்றுபவரின் நெஞ்சையும் கெடுக்கிறது. அதே பீடிதான் கதவைச் சாத்திய வீட்டுக்குள் உட்கார்ந்தபடி ஒரு பெண் தன் கையால் சம்பாதிக்கும் ஒரே வழியாகவும் இருக்கிறது. மருத்துவரையும் அந்தப் பெண்ணையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, வரியை ஏற்றினால் அவளுக்கு மாற்று வேலைக்கு என்ன ஏற்பாடு என்று அரசிடம் கேட்க வேண்டிய விஷயம் இது. அதற்குப் பொருத்தமான இடம் நாடாளுமன்றக் குழுதான். கவுன்சிலில் அப்படி ஒரு மேசை இல்லை. கவுன்சிலின் பரிந்துரை நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் மோகித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, நம் சபைகள் அதன் வழியாக நடக்கத்தான் தயங்குகின்றன.

காற்றாலைக் கதை இன்னொரு விதம். ராதாபுரம், வள்ளியூர், பணகுடி, கயத்தாறு பக்கம் நிற்கும் காற்றாலைகளில் எத்தனையோ, வருமான வரிச் சலுகை ஒன்றால் நின்றவை. காற்றாலையில் போட்ட முதலில் 80 சதவீதம் வரை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி, லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். மில் முதலாளிகள் இங்கே வந்து காற்றாலை போட்டதற்கு அது பெரிய காரணம். 2012 மார்ச்சோடு அந்தச் சலுகை 15 சதவீதமானது. உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 பைசா தந்த ஊக்கத்தொகையும் அதே நேரத்தில் நின்றது. 2011-12-ல் நாட்டில் ஏறத்தாழ 3,200 மெகாவாட் புதுக் காற்றாலைகள் வந்தன. அடுத்த ஆண்டு 1,700 மெகாவாட். 2014-ல் 80 சதவீதம் திரும்ப வந்தது, 2017-லிருந்து உச்சவரம்பு 40 ஆனது.

மின்சாரம் எடுப்பதற்குப் பதிலாகக் கம்பம் நடுவதற்கே பரிசு தருகிறது என்று அந்தச் சலுகையைக் குறை சொன்னவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் தேய்மான விகிதம் சட்டத்தில் இல்லை, விதிகளின் பின்னிணைப்பில் இருக்கிறது. அதை மாற்ற மசோதா வேண்டாம், ஓர் அறிவிக்கை போதும். இப்படிப்பட்ட விதிகளைப் பார்ப்பதற்கென்று மக்களவையில் 15 பேர் கொண்ட துணைநிலைச் சட்டக் குழு 1953-லிருந்து இருக்கிறது. அதிகம் பேசப்படாத குழு. நம் தெற்குச் சீமையின் பல பொருளாதார முடிவுகள் அதன் எல்லைக்குள்தான் விழுகின்றன.

இன்னொரு குறுக்குவழி, வரி, செலவு போன்ற பண விஷயங்களுக்கு மட்டுமே உரிய பண மசோதா. அப்படி முத்திரை குத்திவிட்டால் மாநிலங்களவை 14 நாளில் திருப்பி அனுப்ப வேண்டும், அது சொல்லும் திருத்தத்தை மக்களவை ஏற்க வேண்டியதில்லை. பண மசோதாவாக நிறைவேறிய 2017 நிதிச் சட்டத்தின் வழியாக வந்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஏழு ஆண்டு கழித்து நீதிமன்றம் செய்த வேலையின் ஒரு பங்கையாவது, அந்த முத்திரை இல்லாதிருந்தால், மாநிலங்களவை அன்றைக்கே செய்திருக்கலாம்.

செலவான பிறகு

செலவழித்த பிறகு பார்க்கும் கண் வேறு. கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சி.ஏ.ஜி.) அறிக்கைகள் நாடாளுமன்றத்துக்கு வருகின்றன, பொதுக் கணக்குக் குழு அவற்றில் முக்கியமானவற்றை எடுத்து விசாரிக்கிறது. 1921-ல் தொடங்கிய குழு அது, 22 பேர். 1967-லிருந்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்தான் தலைவர். கூடங்குளம் முதலிரண்டு அணு உலைகளைப் பற்றி 2017-ல் வந்த தணிக்கை அறிக்கை, 13,171 கோடி என்று போட்ட மதிப்பீடு 22,462 கோடியானதைக் கணக்கோடு காட்டியது. கூடங்குளம் என்றால் பாதுகாப்பைப் பற்றி மட்டுமே நாம் பேசினோம். தாமதத்துக்கு யார் பொறுப்பு, அந்த வட்டி எந்த மின்கட்டணத்தில் ஏறும் என்ற கேள்விகள் அந்த அறிக்கைக்குள் இருந்தன. நம் தொகுதியில் அதைப் படித்துப் பேசிய மேடை ஒன்றையும் நான் கண்டதில்லை.

கேள்வி கேட்டால் நிதியமைச்சரே பதவி விலக நேரும் என்பதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு வரலாறு உண்டு. 1957 டிசம்பரில், அப்போதுதான் அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்கு வாங்கியதைப் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பினார். அவர் ஆளும் கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சக்லா விசாரணை நடத்தினார், அதுவும் மக்கள் பார்க்கத் திறந்த மண்டபத்தில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதே டி.டி.கே. 1962-ல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றி மக்களவைக்குப் போனார், 1963-ல் மறுபடி நிதியமைச்சரானார். நாட்டின் பட்ஜெட்டைத் திருச்செந்தூர் உறுப்பினர் தாக்கல் செய்த காலம் ஒன்று இருந்தது என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது. அவரைப் பதவியிறக்கிய கேள்வி அவருடைய சொந்தக் கட்சி வரிசையிலிருந்தே வந்தது என்பதும்தான்.

சென்னையில்

சட்டமன்றத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே நம் பக்கத்துக்குத் தனி உறவு உண்டு. பேரவைத் தலைவர் நாற்காலியில் செல்லப்பாண்டியன், பி.எச். பாண்டியன், ஆவுடையப்பன், அப்பாவு என்று நெல்லைச் சீமைக்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாடு சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும், ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழில் அச்சாகி வரும். டெல்லியோடு ஒப்பிட்டால் இது நல்ல பழக்கம். அந்தக் குறிப்புகளைப் படித்தால் நம் மாவட்டத்துக்கு எது வந்தது, எது வரவில்லை என்று வரி வரியாகத் தெரியும்.

ஆனால் நாடாளுமன்றத்தில் இருப்பது போன்ற துறைவாரி நிலைக்குழுக்கள் இங்கே இல்லை. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு எல்லாம் உண்டு. ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு துறையின் கோரிக்கையை அதிகாரிகளோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் குழுதான் கிடையாது. புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அங்கே சட்டமன்றப் பொருட்குழுக்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் 369 கோடி மதிப்பீட்டில் அடிக்கல் நாட்டினார்கள். ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் என்று வறண்ட தேரிக் காட்டுக்கு வெள்ள நீரைக் கொண்டுபோகும் திட்டம். 2025 பிப்ரவரியில் திறந்தபோது செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. நடுவில் மூன்று ஆட்சிகள், பதினைந்துக்கு மேற்பட்ட பட்ஜெட்டுகள். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இதற்கென்று எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு செலவானது, நிலம் எடுப்பதில் எங்கே நின்றது என்று ஆண்டுதோறும் ஒரே குழு தொடர்ந்து கேட்டிருந்தால், அந்த நீர் பல மழைக்காலங்களுக்கு முன்பே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நாம் நுழையக்கூடிய வாசல்

மசோதா ஒன்று குழுவுக்குப் போனால், பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்று குழு விளம்பரம் கொடுக்கும். தொழிற்சங்கம், வியாபாரிகள் சங்கம், தனி ஆள் என யாரும் எழுதலாம். குழு விரும்பினால் நேரில் அழைத்தும் கேட்கும். அனுப்பும் மனுவின் செய்தி குழுவின் பதிவேட்டில் ஏறுகிறது. நிலைக்குழு அறிக்கைகள் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள். பீடித் தொழிலாளர் மருத்துவமனைகளில் எத்தனை டாக்டர் பணியிடம் காலி என்று நம் உறுப்பினரைக் கேட்கச் சொன்னால், அமைச்சர் எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும். அப்படி வாங்கும் பதில் பின்னால் நீதிமன்றம் வரை உதவும்.

ஒரு தடை மட்டும் இன்னும் இருக்கிறது. குழுக்களின் விளம்பரம் மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேட்கிறது. சபையில் உறுப்பினர் தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பு உண்டு. முக்கூடலில் பீடி சுற்றுகிறவர் தன் ஆஸ்பத்திரியைப் பற்றித் தமிழில் எழுதினால் அதற்கு இடமில்லை. நம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் சேர்ந்து இதை மக்களவைத் தலைவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும், அட்டவணை மொழிகள் எதிலும் மனு தரலாம் என்று விதியைத் திருத்தும்வரை விடக்கூடாது. அதுவரை தொழிற்சங்கங்களும், நெல்லையில் இருக்கும் கல்லூரிகளின் பொருளாதாரத் துறைகளும், வழக்கறிஞர்களும் அந்த மொழிபெயர்ப்பு வேலையைத் தங்கள் தோளில் ஏற்றுக்கொள்ளலாம். அடுத்த பிப்ரவரியில் இடைவேளை விட்டதும் தொழிலாளர் துறைக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு அந்தக் குழு உட்காரும். பீடித் தொழிலாளர் நலனுக்குப் போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்ற கேள்வி அதற்கு முன்னாலேயே அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். அதை எழுத ஜனவரிக்குள் உட்கார வேண்டும்.